மகள் ஐபோன் என்கிறாள், மகன் ஆண்ட்ராய்டு என்கிறான்: யார் சொல்வதைக் கேட்பது?

கேள்வி: நான் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 67. பாளையங்கோட்டையில் நானும் மனைவியும் மட்டும் இருக்கிறோம். என்னிடம் சாம்சங் போன், மனைவியிடம் ரெட்மி. டொராண்டோவில் இருக்கும் மகள் டிசம்பரில் வருகிறாள். அவளுடைய பழைய ஐபோன் 13-ஐ அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, எனக்குப் புது ஐபோனும் ஈ.சி.ஜி. பார்க்கிற ஆப்பிள் வாட்சும் வாங்கித் தருவதாகச் சொல்கிறாள். "எல்லாரும் ஒரே கம்பெனி போன் வைத்திருந்தால் ஃபேஸ்டைம் வீடியோ காலில் பேசிக்கொள்ளலாம், போட்டோ தானாக வந்துவிடும், தொல்லையே இல்லை" என்கிறாள். சென்னையில் இருக்கும் மகனோ, "உள்ளே போனால் வெளியே வர முடியாது, ஆண்ட்ராய்டுதான் சுதந்திரம்" என்று தடுக்கிறான். எனக்கு லேசான படபடப்பு உண்டு, மருந்து சாப்பிடுகிறேன். மனைவியின் பத்து வருடப் போட்டோக்கள் கூகுளில் இருக்கின்றன. போன மாதம் போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்ஆப்பில் வந்த எதையோ அவள் அழுத்திவிட்டாள். உடனே மகனிடம் கேட்டதால் தப்பித்தோம். நான் கிண்டிலில் தமிழ்ப் புத்தகம் வாங்கிப் படிப்பவன். அதுவும் ஒரே கம்பெனிதான், எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே? யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்:

வணக்கம் ஐயா.

மகளையும் மகனையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த அபராதச் செய்தியிலிருந்து தொடங்குகிறேன். வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் போன், கணினி, பேக்கப் அமைத்துக் கொடுப்பது என் தொழில். உங்கள் வயதுக்காரர்கள் வீட்டில் இன்றைக்கு நான் அதிகம் பயப்படுவது அந்த மாதிரிச் செய்திக்குத்தான்.

உங்கள் மனைவி அழுத்தியது பெரும்பாலும் ஏ.பி.கே. கோப்பாக இருக்கும். ஆண்ட்ராய்டு போனில் ஓர் ஆப்பை நிறுவுகிற கோப்பு அது. பிளே ஸ்டோர் வழியாக வராமல் வாட்ஸ்ஆப்பில் நேராக வந்து இறங்கும். பெயர் ஆளுக்கேற்ற மாதிரி மாறும்: போக்குவரத்து அபராதம், பி.எம். கிசான், வங்கி கே.ஒய்.சி., கல்யாணப் பத்திரிகை. அழுத்தியதும், இது தெரியாத இடத்திலிருந்து வந்த ஆப், அனுமதிக்கலாமா என்று போன் கேட்கும். அனுமதித்தால் ஆப் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு, எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். அதையும் கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. நம் கண்ணில் படுவதற்குள் வேறொருவன் கைக்குப் போய்விடும். சில ஆப்கள் நம் வாட்ஸ்ஆப்பிலிருந்தே சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அதே கோப்பை அனுப்பிவைக்கும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வருவதால்தான் ஜனங்கள் நம்பி அழுத்துகிறார்கள்.

இதே கோப்பு ஐபோனுக்கு வந்தால் பெயரைக் காட்டிவிட்டுச் சும்மா கிடக்கும். ஆப் ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் ஆப்பை இப்படி ஒரு தட்டில் நிறுவ நம் நாட்டில் ஆப்பிள் விடுவதில்லை. நம் எஸ்.எம்.எஸ். பெட்டியைத் திறந்து படிக்கும் அனுமதியையும் ஆப் ஸ்டோரில் வாங்கிய ஆப்புக்குத் தருவதில்லை. மூடிய அமைப்பு என்று மகன் குறை சொல்கிறாரே, வயதானவர்களுக்கு அதனால் கிடைக்கும் பெரிய நன்மை இதுதான். விளம்பரத்தில் வரும் கேமராவெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அதற்காக ஐபோன் வந்தால் எல்லா மோசடியும் போயிற்று என்று நினைத்துவிட வேண்டாம். போலீஸ் வேஷத்தில் "டிஜிட்டல் கைது" என்று வீடியோ காலில் மிரட்டுகிறவனுக்கு எந்த போனாக இருந்தாலும் ஒன்றுதான். போலி வங்கிப் பக்கத்தில் நாமே பின் நம்பரை அடித்துக் கொடுத்தால் ஆப்பிளால் ஒன்றும் செய்ய முடியாது.

டிசம்பர் வரை காத்திருக்காமல் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். ரெட்மி போனில் செட்டிங்ஸ் திறந்து, மேலே இருக்கும் தேடல் கட்டத்தில் "இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்" என்று தேடுங்கள். ஆப்களின் பட்டியல் ஒன்று வரும். அதில் வாட்ஸ்ஆப், குரோம், ஃபைல் மேனேஜர் மூன்றுக்கும் அனுமதி இல்லை என்று இருக்க வேண்டும், அனுமதி இருந்தால் அணைத்துவிடுங்கள். உங்கள் சாம்சங்கில் "ஆட்டோ பிளாக்கர்" என்று ஒரு வசதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் போட்டுவிடுங்கள், பிளே ஸ்டோர் மாதிரி அதிகாரபூர்வ ஆப் கடைகளுக்கு வெளியிலிருந்து வரும் ஆப்களை அது மொத்தமாகத் தடுக்கும். போன மாதம் அழுத்திய கோப்பு ஏதாவது ஆப்பாக உள்ளே நிற்கிறதா என்று மகனை வீடியோ காலில் வைத்துக்கொண்டு ஆப் பட்டியலை ஒரு தடவை சரிபாருங்கள். பணம் போய்விட்டதாகச் சந்தேகம் வந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழைக்க வேண்டும். மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

இந்த ஏ.பி.கே. விஷயத்தில் ஐபோன் தரும் பாதுகாப்பில் பெரும்பகுதி இப்படிக் காசில்லாமலே கிடைத்துவிடும். மீதி ஏன் கிடைக்காது என்றால், அணைத்ததை மறுபடி போட ஆண்ட்ராய்டு விடும். போனில் நைச்சியமாகப் பேசுகிறவன் "இதை அழுத்துங்கம்மா, அடுத்து இதை" என்று சொல்லிக்கொடுத்தால் உங்கள் மனைவி போட்டும்விடலாம். கூகுளே இதை உணர்ந்துதான், அடையாளம் சரிபார்க்கப்பட்டவர்கள் எழுதிய ஆப்களை மட்டுமே நிறுவ விடப்போவதாக ஆகஸ்ட் 2025-ல் அறிவித்தது. பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து முதலில், பிறகு மற்ற நாடுகள் என்பது அப்போதைய திட்டம். உங்கள் மகன் புகழும் அந்தக் கதவும் மெல்ல ஒருக்களித்துக்கொண்டுதான் வருகிறது.

ஆகவே மகள் போட்ட திட்டத்தில் பாதியை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. ஐபோன் 13 உங்கள் மனைவிக்கு வரட்டும். உங்களுக்குப் புது ஐபோன் இப்போதைக்கு வேண்டாம்.

மகள் சொல்லும் காரணங்களைப் பார்ப்போம். ஃபேஸ்டைமுக்காக மொத்தக் குடும்பமும் மாற வேண்டியதில்லை. 2021-லிருந்து ஐபோன்காரர் ஒரு லிங்க் அனுப்பினால் ஆண்ட்ராய்டில் பிரௌசர் வழியாகவே ஃபேஸ்டைமில் சேர்ந்துகொள்ளலாம். 2010-ல் ஃபேஸ்டைமை அறிமுகப்படுத்தியபோது இதைத் திறந்த தரமாக்கி எல்லாருக்கும் தரப்போகிறோம் என்று அப்போதைய ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையிலேயே சொன்னார். அது நடக்கவே இல்லை. லிங்க் வழிக்கே பதினோரு வருடம் ஆயிற்று. நம் ஊரில் அதனால் யாரும் கஷ்டப்படவில்லை, வாட்ஸ்ஆப் இருக்கிறது. போட்டோவும் அப்படித்தான். மகள் தன் ஐபோனில் கூகுள் போட்டோஸ் ஆப்பைப் போட்டுக்கொண்டு ஒரு பகிர்வு ஆல்பம் தொடங்கினால், பேரன் பேத்தி படம் உங்கள் சாம்சங்குக்கும் வந்துவிடும். இன்னொன்று: ஆப்பிளின் குடும்பப் பகிர்வில் ஆறு பேர் வரை சேரலாம் என்பது உண்மை. ஆனால் வாங்கிய ஆப்களைப் பகிர்ந்துகொள்ள எல்லாருடைய கணக்கும் ஒரே நாட்டுக் கணக்காக இருக்க வேண்டும். மகளுடையது கனடா, உங்களுடையது இந்தியா.

ஒரே கம்பெனி போனை வைத்துக் குடும்பத்தை இழுப்பது தற்செயலாக நடக்கிற காரியம் இல்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆப்பிளின் உள் மின்னஞ்சல்கள் பல வழக்குகளில் வெளியே வந்திருக்கின்றன. 2010-ல் நிர்வாகிகள் கூட்டத்துக்காக ஜாப்ஸ் எழுதிய குறிப்பில், நம் பொருட்களையெல்லாம் ஒன்றோடொன்று பிணைத்து வாடிக்கையாளர்களை நம் அமைப்புக்குள் இன்னும் இறுக்கமாகப் பூட்ட வேண்டும் என்று இருந்தது. 2013-ல், ஐபோன்காரர்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்கும் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, மென்பொருள் பிரிவின் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி எதிர்த்தார். கொடுத்தால், ஐபோன் வைத்திருக்கும் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கித் தர இருக்கிற தடை நீங்கிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். 2022-ல் ஒரு நிகழ்ச்சியில், அம்மாவுக்கு அனுப்பும் வீடியோ சரியாகப் போய்ச் சேருவதில்லை என்று ஒருவர் முறையிட்டார். "அம்மாவுக்கு ஒரு ஐபோன் வாங்கிக் கொடுங்கள்" என்றார் ஜாப்ஸுக்குப் பின் ஆப்பிள் தலைவரான டிம் குக். உங்கள் மகள் பாசத்தில் சொல்வதைத்தான் குக் வியாபாரத்தில் சொன்னார். மார்ச் 2024-ல் அமெரிக்க நீதித் துறை ஆப்பிள் மேல் தொடுத்த ஏகபோக வழக்கில் குக்கின் இந்தப் பதிலும் இடம்பெற்றது.

சரி, மகன் சொல்வது? ஆண்ட்ராய்டு சுதந்திரம் என்பதில் பாதிதான் நிஜம். நம் நாட்டின் போட்டி ஆணையம் அக்டோபர் 2022-ல் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது எதற்காக என்று அவரைக் கேளுங்கள். போன் கம்பெனிகள் பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் மற்ற ஆப்களையும் சேர்த்தே போட வேண்டும், அதை நீக்கவும் முடியாது என்று வைத்திருந்த ஒப்பந்தங்களுக்காக. அதற்குப் பிறகுதான் இந்தியாவில் விற்கும் போன்களை முதல்முறை அமைக்கும்போதே வேறு தேடுபொறியைத் தேர்ந்தெடுக்க வழி விட்டார்கள்.

சாம்சங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய கைக்கடிகாரத்திலும் ஈ.சி.ஜி. உண்டு. ஆனால் அந்த ஈ.சி.ஜி. சாம்சங் போனோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும்; உங்கள் மனைவியின் ரெட்மியோடு சேராது, அதுவும் ஆண்ட்ராய்டுதான் என்றாலும். 2021-லிருந்து வரும் கேலக்ஸி வாட்சுகள் ஐபோனோடு அடியோடு சேர்வதில்லை. ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டோடு சேராது. மூடுவது ஒரு கம்பெனியின் குணம் என்று நினைக்காதீர்கள். போனும் கைக்கடிகாரமும் விற்கிற இந்த இரண்டு கம்பெனிகளும் கடிகாரத்தோடு அடுத்த போனையும் சேர்த்தேதான் விற்கின்றன.

உங்கள் படபடப்புக்கு வருகிறேன். நான் மருத்துவன் அல்ல. கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்தக் கடிகாரங்கள் எடுப்பது ஒற்றை லீட் ஈ.சி.ஜி., அதாவது இதயத்தை ஒரே கோணத்தில் மட்டும் பார்க்கும் பதிவு. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போகும் ஒரு வகைக் கோளாறின் அறிகுறியை அது காட்டலாம். மாரடைப்பைக் காட்டாது, இதை ஆப்பிளே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆப்பிள் வாட்சில் விலை குறைந்த எஸ்.இ. வகையில் ஈ.சி.ஜி. கிடையாது. கடையில் அதைத்தான் "இதுவும் அதேதான் சார்" என்று எடுத்து நீட்டுவார்கள். முதலில் உங்கள் இதய மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் வீட்டில் எடுத்து பி.டி.எஃப். ஆக அனுப்பினால் அதை நீங்கள் பார்ப்பீர்களா? பார்ப்பேன் என்றால் உங்களிடம் இருக்கும் சாம்சங்குக்கே சாம்சங் வாட்ச் பொருந்தும். எந்த மாடலுக்கு உங்கள் போன் ஒத்துவரும் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு விரலை வைத்து எடுக்கிற, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய தனி ஈ.சி.ஜி. கருவிகளும் விற்கின்றன. அவை ஐபோனோடும் ஆண்ட்ராய்டோடும் சேரும். நீங்கள் போனை மாற்றினாலும் கருவி வீணாகாது. எனக்கென்னவோ உங்களுக்கு இதுவே போதும் என்று படுகிறது. கையில் கட்டியிருந்தால் நாள் முழுக்க அதையே பார்த்துப் பார்த்துப் படபடப்பு கூடியவர்களும் உண்டு.

நீங்கள் ஏற்கெனவே மூடிய அமைப்புக்குள் இருந்து பார்த்தவர்தான். ஒரு டி.டி.எச். கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குப் போனால் பழைய செட்டாப் பாக்ஸ் எதற்கும் உதவாமல் பரணுக்குப் போகிறது. பாக்ஸ்கள் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020-ல் பரிந்துரைத்தது, நடைமுறைக்கு வரவில்லை. செல்போன் எண்ணில் கதை வேறு. 2011 ஜனவரி 20-க்கு முன்னால் கம்பெனியை மாற்றினால் நம்பரும் போய்விடும். கல்யாணப் பத்திரிகையில் அடித்த நம்பர், வங்கியில் கொடுத்த நம்பர் என்று பயந்துகொண்டே சிக்னல் இல்லாத கம்பெனியோடு காலம் தள்ளினோம். நம்பரைக் கையோடு எடுத்துப் போகலாம் என்று ஆனதும் அந்தப் பயம் போயிற்று. இத்தனைக்கும் இரண்டுமே பெரும்பாலும் தனியார் கம்பெனிகளின் வலையமைப்புகள்தான். நாம் போட்டுவைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேற முடிகிறதா என்பதில்தான் வித்தியாசம். ஐபோனா ஆண்ட்ராய்டா என்ற கேள்வியையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

அந்தக் கணக்கில் உங்கள் வீட்டில் பார்க்க வேண்டியவை போட்டோ, போன் நம்பர்கள், வாட்ஸ்ஆப் உரையாடல், பாஸ்வேர்டு. இவை நான்கும் எங்கேயும் மாட்டிக்கொள்ளாமல் இருந்தால், மனைவிக்கு ஐபோன் பிடிக்காமல் போனால்கூட ஒரு மத்தியானத்தில் திரும்பிவிடலாம்.

போட்டோவை இருக்கும் இடத்திலேயே விடுங்கள். ஐபோனிலும் கூகுள் போட்டோஸ் ஆப் ஓடும். அதே மின்னஞ்சலில் நுழைந்தால் பத்து வருடமும் அப்படியே வந்து நிற்கும். புதுப் போனில் ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுட் போட்டோஸையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். ஐகிளவுட்டில் இலவச இடம் 5 ஜி.பி.தான். சீக்கிரமே நிறைந்து, இடம் வாங்குங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் மனைவி பயந்துபோய் உங்களைக் கூப்பிடுவார். கூகுளிலும் 15 ஜி.பி.தான் இலவசம், போட்டோ, ஜிமெயில், வாட்ஸ்ஆப் பேக்கப் எல்லாம் சேர்த்து. எல்லையில்லாமல் இலவசம் என்பது 2021 ஜூன் 1-ல் முடிந்தது. எந்தப் பக்கம் போனாலும் மாதச் சந்தா ஒன்று வந்து சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் வரும்போது "கூகுள் டேக்அவுட்" மூலம் எல்லாப் படத்தையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் இறக்கி பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். ஐபோன் கேமராவில் "மோஸ்ட் கம்பேட்டிபிள்" என்ற அமைப்பையும் போட்டுவிடுங்கள். போடாவிட்டால் படம் ஹெச்.இ.ஐ.சி. வடிவத்தில் சேரும். பிறந்தநாள் படத்தை பிரிண்ட் போட எடுத்துப்போனால் சில ஸ்டுடியோக்காரர்கள் "திறக்கவில்லை" என்று கையை விரிப்பார்கள்.

போன் நம்பர்கள் கூகுள் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கின்றனவா, ரெட்மி போனுக்குள் மட்டும் கிடக்கின்றனவா என்று பாருங்கள். உள்ளே மட்டும் இருப்பவற்றை முதலில் கூகுளுக்கு நகர்த்த வேண்டும். பாஸ்வேர்டுகளுக்கு உங்கள் வயதில் நான் பரிந்துரைப்பது ஒரு நோட்டுப் புத்தகம். பீரோவுக்குள் இருக்கும் நோட்டைத் திருட வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

சிக்கல் வருவது வாட்ஸ்ஆப்பில். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு உரையாடல்களை மாற்றும் வசதி 2022-ல் வந்தது. ஆப்பிளின் "மூவ் டு ஐஓஎஸ்" ஆப் வழியாக நடக்கும். ஆனால் ஐபோன் புத்தம் புதிதாகவோ, முழுக்க அழித்து ரீசெட் செய்ததாகவோ இருக்கும்போது, முதல்முறை அமைக்கும் அந்த நேரத்திலேயே செய்ய வேண்டும். ஆர்வத்தில் போனைப் போட்டு நாலு படம் எடுத்துப் பார்த்துவிட்டு பிறகு மாற்றலாம் என்றால் மறுபடி எல்லாம் அழிக்க வேண்டிவரும். நிறைய பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அழித்துவிட்டுத் தொடங்க மனசு வராமல் பழைய உரையாடலை விட்டுவிடுகிறார்கள்.

ஐபோனின் குறைகளையும் சொல்லாமல் விட்டால் மகளுக்கு நான் வக்கீல் ஆகிவிடுவேன். ரிப்பேர் செலவு முதல் குறை. உங்கள் ஊர் பஜாரில் ரெட்மிக்கு டிஸ்பிளே மாற்றுகிற பையன் ஐபோனுக்கும் மாற்றுவான். மாற்றிய பிறகு, இது அசல் பாகமா என்று உறுதிப்படுத்த முடியவில்லை என்று செட்டிங்ஸில் ஒரு வரி வந்து நிற்கும். ஒவ்வொரு பாகமும் அந்தந்த போனோடு மென்பொருளால் முடிச்சுப் போடப்பட்டிருப்பதால் இப்படி. ஐபோன் 13 வந்த புதிதில் வெளிக்கடையில் திரை மாற்றினால் முகத்தைப் பார்த்துத் திறக்கும் ஃபேஸ் ஐடியே நின்றுபோனது. கண்டனம் வந்த பிறகு அடுத்த மென்பொருளில் சரிசெய்தார்கள். திருட்டு போன் பாகங்கள் சந்தையில் புழங்காமல் இருக்கத்தான் இந்த முடிச்சு என்பது ஆப்பிளின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ரிப்பேர் வருமானம் அவர்கள் கையை விட்டுப் போகாமல் இருக்கவும் இது உதவுகிறது என்பதும் உண்மை. பழைய பேட்டரி உள்ள போன்களின் வேகத்தைச் சொல்லாமலே குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அது திடீரென்று அணையாமல் இருக்கச் செய்த ஏற்பாடுதான், சொல்லிவிட்டுச் செய்திருந்தால் யாரும் கோபப்பட்டிருக்க மாட்டார்கள். மூடிய பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று வாங்கியவனுக்குத் தெரியாது. வெளியே தெரிந்த பிறகுதான் பேட்டரி மாற்றும் விலையையும் குறைத்தார்கள்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. ஐபோன் 13-ல் சி டைப் ஒயர் நுழையாது. ஐரோப்பிய யூனியன் சட்டம் போட்டு நெருக்கிய பிறகு 2023-ல் வந்த ஐபோன் 15-லிருந்துதான் சி டைப். ஆகவே வீட்டில் இரண்டு வகை ஒயர் கிடக்கும். மெமரி கார்டு போட இடமில்லை. ஒரு சாதா சிம்தான் நுழையும், இரண்டாவது, கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் இ-சிம். உங்கள் மனைவி இரண்டு சிம் வைத்திருந்தால், இரண்டில் ஒன்றை இ-சிம்மாக மாற்றித் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். யூடியூப் மாதிரிச் சந்தாக்களை ஐபோன் ஆப்புக்குள்ளேயே கட்டினால் விலை அதிகம்; பிரௌசரில் போய்க் கட்டினால் குறைவு. தமிழில் பேசித் தட்டச்சு செய்கிற பழக்கம் அவருக்கு இருந்தால், மகள் வந்ததும் அதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். தமிழுக்கு ஐபோன் எப்போதுமே கொஞ்சம் காக்க வைத்த போன். நமக்குப் பிடித்த தமிழ் விசைப்பலகையைப் போட்டு எல்லா ஆப்களிலும் எழுத 2014-ல் ஐஓஎஸ் 8 என்ற ஐபோன் மென்பொருள் வரும்வரை வழியே இல்லை. ஆண்ட்ராய்டில் அதெல்லாம் வெகு முன்னாலேயே முடிந்தது. திறந்திருப்பதன் அருமை நமக்குத் தெரிந்த இடம் அதுதான். சிறிய மொழிக்காரன் யாரையும் கேட்காமல் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளலாம்.

இதையெல்லாம் மீறி ஐபோன் 13-ஐ உங்கள் மனைவிக்குச் சொல்கிறேன் என்றால், இலவசமாக வருகிறது, மென்பொருள் புதுப்பிப்பு 2021 போனுக்கு இன்னும் வந்துகொண்டிருக்கிறது, வாட்ஸ்ஆப்பில் வரும் ஏ.பி.கே. எதுவும் உள்ளே நுழையாது என்ற மூன்றுக்காகத்தான். காசு கொடுத்துப் புதிதாக வாங்க வேண்டும் என்றிருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டேன். ரெட்மியிலேயே பூட்டைப் போட்டுவிட்டு இருங்கள் என்றிருப்பேன்.

கிண்டில். ஐயா, நீங்கள் நினைப்பதற்கு மாறாக, உங்கள் வீட்டிலேயே இறுக்கமாகப் பூட்டிய பொருள் அதுதான். ஐபோனை விட்டு வந்தால் போட்டோ கூடவே வரும். கிண்டிலை விட்டு வந்தால் பெரும்பாலான புத்தகங்கள் வராது. நீங்கள் வாங்கியது படிக்கும் உரிமம்தான் என்று அமேசானே சொல்கிறது. 2009-ல் பதிப்புரிமைச் சிக்கல் வந்த சில நூல்களை வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி ஒயர் வழியே கருவிக்கு மாற்றும் வசதி இருந்தது. பிப்ரவரி 2025-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். தொந்தரவு இல்லை என்று நீங்கள் சொல்வது சரிதான், வெளியேற முயலாதவருக்குத் தொந்தரவு தெரியாது. அதற்காக விட்டுவிடச் சொல்ல மாட்டேன். தமிழ் நூல்கள் அங்கே 2016 டிசம்பரில்தான் முறையாக விற்பனைக்கு வந்தன. பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க முடிவது சின்ன விஷயம் இல்லை. ஒருமுறை படித்துவிட்டுப் போகிற புத்தகம் அங்கே இருக்கட்டும். பேரனுக்குக் கொடுக்க வேண்டும் என்று தோன்றுகிற புத்தகத்தை மட்டும் காகிதத்தில் வாங்குங்கள்.

இனி மகளுக்கு. டொராண்டோவில் விமானம் ஏறுவதற்கு முன் அவர் அந்த ஐபோன் 13-லிருந்து தன் கணக்கை முறையாக வெளியேற்றி, தொலைந்த போனைத் தேட உதவும் "ஃபைண்ட் மை" வசதியை அணைத்து, முழுக்க அழித்துக் கொண்டுவர வேண்டும். 2013-லிருந்து ஐபோனில் ஆக்டிவேஷன் லாக் இருக்கிறது. பழைய கணக்கு நீங்காவிட்டால் போன் யாருக்கும் திறக்காது. திருடனுக்குப் பயன்படாமல் இருக்கச் செய்த பூட்டு, கணக்கை எடுக்க மறந்த மகள் கொடுத்தாலும் அதே பூட்டுதான். பேட்டரி ஆரோக்கியம் 80 சதவீதத்துக்குக் கிட்டே இருந்தால் அங்கேயே அதிகாரபூர்வ மையத்தில் மாற்றிவிட்டு வருவது நல்லது.

புதுக் கணக்கை உங்கள் மனைவியின் சொந்த மின்னஞ்சலில், சொந்த இந்திய எண்ணில், வீட்டில் உட்கார்ந்து தொடங்குங்கள். கடைக்காரப் பையனிடம் கொடுக்காதீர்கள். எங்களிடம் பூட்டிப்போய் வருகிற ஐபோன்களில் அடிக்கடி பார்ப்பது இதுதான்: கூட்ட நேரத்தில் அவன் ஏதோ ஒரு மின்னஞ்சலை உருவாக்கி, பாஸ்வேர்டை அட்டைப்பெட்டியின் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கிக் கொடுத்திருப்பான். இரண்டு வருடம் கழித்து போன் கேட்கும்போது பெட்டி பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கும். அசல் பில் இருந்தால் ஆப்பிளிடம் காட்டிப் பூட்டை எடுக்க விண்ணப்பிக்கலாம். ஆகவே மகள் கனடாவில் வாங்கியபோது கொடுத்த பில்லை மின்னஞ்சலில் தேடி எடுத்து உங்களுக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் அதை ஒரு பிரதி எடுத்து அந்தப் பாஸ்வேர்டு நோட்டுக்குள் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.